கண்ணில் தெரிகிற வரைக்கும் போதும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ ட்ரோனில் எடுத்து அனுப்பிய வீடியோவை அப்பாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஏரிக்கு மேலே வெயில் விழ ஆரம்பிக்கும் அந்த இடத்தில் கேமராவை எவ்வளவு நிதானமாகத் திருப்பியிருக்கிறாய், ஒரு இடத்தில்கூட வெடுக்கென்று இழுக்கவில்லை. அது எல்லோருக்கும் சுலபத்தில் வருகிற கை இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். நீ அனுப்பியது ஸ்க்ரீன் ரெக்கார்டிங் என்பதால் கீழே எண்களும் ஓடிக்கொண்டிருந்தன. தூரம் 1,800 மீட்டர், உயரம் 160. இவ்வளவு தூரமா என்று கேட்டதற்கு, "249 கிராம்தான் அம்மா, இதற்கு விதி எதுவும் கிடையாது, ஆப்பும் தடுக்கவில்லை" என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 249. இந்த 250 கிராம் கோடு எங்கிருந்து வந்தது தெரியுமா? 2015-இல் அமெரிக்காவின் விமானத்துறையான எஃப்ஏஏ, எந்த ட்ரோனையெல்லாம் பதிவு செய்யச் சொல்வது என்று முடிவெடுக்க ஒரு குழுவைப் போட்டது. மேலிருந்து விழுகிற ட்ரோன் கீழே இருக்கிற ஒருவர்மேல் விழுந்து உயிருக்கு ஆபத்தாகிற வாய்ப்பு எவ்வளவு என்று அந்தக் குழு ஒரு கணக்குப் போட்டது, அதில் வந்த எண்தான் 250. அப்புறம் பல நாடுகள் அதே எண்ணை எடுத்துக்கொண்டன, கம்பெனிகளும் 249 கிராமில் ட்ரோன் செய்து விற்க ஆரம்பித்தன. கவனி, அது தரையில் இருப்பவரை வைத்துப் போட்ட கணக்கு. எதிரே பறந்து வருகிற ஹெலிகாப்டரையோ விமானத்தையோ வைத்துப் போட்டது இல்லை.

அதுவும் எல்லா இடத்திலும் ஒன்று போல் இல்லை. ஜப்பானில் 2022 ஜூன் முதல் 100 கிராமிலிருந்தே பதிவு வேண்டும். பிரிட்டனிலும் 2026 ஜனவரி முதல் 100 கிராமுக்கு மேல் எதை ஓட்டினாலும் ஆன்லைனில் தேர்வு எழுதி ஃப்ளையர் ஐடி வாங்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும், அதில் கேமரா இருந்து அது பொம்மை வகையில் சேராது என்றால், ஓட்டுகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டால் 250 கிராம் வரை பதிவு வேண்டாம், ஆனால் ட்ரஸ்ட் என்கிற இலவசத் தேர்வு எழுத வேண்டும், 400 அடி உயர வரம்பும் உண்டு. இந்தியாவில் 2021 விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன, சிவப்புப் பகுதிக்குள் எடை குறைவு என்று சொல்லி யாரும் நுழைய முடியாது. எடை குறைந்தால் சில படிவங்கள் குறையும், அவ்வளவுதான். உயரம், விமான நிலையம், ஆட்கள் கூட்டம், கண்ணில் தெரிகிற தூரம், இதெல்லாம் அப்படியே இருக்கிறது.

இதில் கண்ணில் தெரிகிற தூரம், அதாவது ட்ரோனைத் திரையில் இல்லாமல் நேராக உன் கண்ணால் பார்க்க முடிகிற தூரத்துக்குள் வைத்திருப்பது, அதுதான் நான் உனக்குச் சொல்ல வந்த விஷயமே. மற்ற விதிகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பாலிசேட்ஸ் காட்டுத்தீ எரிந்தபோது நடந்ததைப் படித்திருப்பாய். சான்டா மோனிகாவில் ஒரு கார் நிறுத்துமிடக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். தீயால் என்ன சேதம் என்று பார்க்கத்தான். 2,500 மீட்டருக்கும் அப்பால் போனது, ட்ரோன் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே தண்ணீர் கொட்டித் தீயணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் மோதி, ஏறத்தாழ 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். பத்திரமாகத் தரையிறங்கிவிட்டார்கள், ஆனால் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் முக்கியமாக இருந்த அந்த நேரத்தில் அந்த விமானத்தை ரிப்பேருக்கு ஒதுக்க வேண்டியதாகிவிட்டது. பறக்கவிட்டவர் பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

2017 செப்டம்பரில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் பக்கம் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் ஒரு ட்ரோன் மோதியது. அதை ஓட்டியவருக்கு மோதியதே தெரியாது. விசாரணை அதிகாரிகள் தேடிப்பிடித்துத் தொடர்புகொண்ட பிறகுதான் தெரிந்தது. அவரும் மைல் கணக்கில் தூரத்துக்கு அனுப்பிவிட்டுத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். இரண்டு பேருமே கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை தம்பி, உன்னைப் போலத்தான், படம் நன்றாக வருகிறது, சிக்னல் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று போனவர்கள்.

திரையில்தான் எல்லாம் தெரிகிறதே என்பாய். திரையில் தெரிவது முன்னால் இருக்கிற ஒரு துண்டு வானம். போன வாரம் நான் வயல் பக்கம் பறக்கவிட்டுத் திரையில் வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்பா எப்போதும் போல் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னால், மேலே, பருந்து" என்றார். என் திரையில் பச்சை வயலும் மேகமும் மட்டும்தான். நிமிர்ந்து பார்த்தால் ட்ரோனுக்கு மேலே, சூரியன் இருக்கிற பக்கத்திலிருந்து, சிறகை மடித்துச் சரிந்து வருகிறது. உடனே எங்கள் பக்கம் இழுத்து இறக்கிவிட்டேன், அது இரண்டு வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டது. அப்பா இல்லாவிட்டால் எனக்கு அது திரை கறுத்த பிறகுதான் தெரிந்திருக்கும். இப்படி ஒருவர் கூட நிற்பதைத்தான் பல நாட்டு விதிகள் கேட்கின்றன, எஃப்பிவி என்று, ட்ரோன் கேமரா பார்ப்பதை மட்டும் காட்டுகிற வீடியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு அது கட்டாயமே. நீயும் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. அந்த ஆள் படத்தைப் பார்க்கக் கூடாது, வானத்தை மட்டும் பார்க்க வேண்டும், அதைப் போகும்போதே சொல்லிவிடு.

பருந்தாவது மெதுவாக வரும். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் ஒன்று விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வை. உன் ட்ரோன் 1,800 மீட்டர் தள்ளி இருக்கிறது. ட்ரோனுக்குப் பக்கத்தில் வருகிற ஹெலிகாப்டரின் சத்தம் உனக்குக் கேட்காமலே போகலாம். கேட்டுவிட்டாலும் அந்த 160 மீட்டரிலிருந்து இறங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அந்த அரை நிமிடத்தில் ஹெலிகாப்டர் 1,800 மீட்டரைக் கடந்திருக்கும். அந்த விமானியால் கையளவு சாம்பல் நிறப் பொருளைப் பார்த்து விலக முடியாது. அதனால்தான் எங்கே போனாலும் விதி ஒன்றாக இருக்கிறது, ஆள் இருக்கிற விமானத்துக்கு வழிவிட வேண்டியது ட்ரோன்தான். (பதற்றத்தில் நேர் கீழே வேகமாகவும் இறக்காதே, தான் கீழே தள்ளுகிற காற்றிலேயே மாட்டிக்கொண்டு ஆட ஆரம்பிக்கும். கொஞ்சம் முன்னோக்கி நகர்த்தியபடியே இறக்கு.)

உன் ட்ரோன் அளவுக்கு, சில நூறு மீட்டர் போனாலே அது ஒரு புள்ளி. புள்ளி தெரிகிறது என்பது மட்டும் போதாது. அதன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று திரையைப் பார்க்காமல் சொல்ல முடிகிற தூரம்தான் உன் தூரம். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் எந்தப் பக்கம் போகும் என்று தயங்கினாயா, அங்கேயே நிறுத்தித் திருப்பு.

உயரத்துக்கு வருகிறேன். 120 மீட்டர், அதாவது 400 அடி. பல நாடுகளில் ஊருக்கு வெளியே ஆள் ஓட்டும் விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே வரக் கூடாது, அதனால் நடுவில் 100 அடி இடைவெளி. மிக மெல்லிய இடைவெளி, நீ 160-இல் பறந்தபோது அது இல்லவே இல்லை. இன்னொரு விஷயம், ஆப் காட்டுகிற உயரம் நீ கிளப்பிய இடத்திலிருந்து. மலை உச்சியில் நின்று பள்ளத்தாக்குப் பக்கம் அனுப்பினால் திரை 50 என்று காட்டும், கீழே இருக்கிற தரைக்கும் ட்ரோனுக்கும் நடுவில் 250 மீட்டர் இருக்கும். விதி பார்ப்பது தரையிலிருந்து. மலைப்பக்கம் போகும்போது இதை மறந்துவிடாதே.

அப்புறம் அந்த "ஆப் தடுக்கவில்லை". ஒரு காலத்தில் விமான நிலையம் பக்கம் போனால் டிஜேஐ கம்பெனி ட்ரோனின் மோட்டாரே சுற்றாது. 2024-இல் ஐரோப்பாவிலும் 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும் அந்தத் தடையை எடுத்துவிட்டு வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிட்டார்கள். நீ சரி என்று தட்டினால் பறக்கும். போகலாமா கூடாதா என்று பார்க்கிற வேலை இப்போது முழுக்க உன்னுடையது. அந்தந்த நாட்டு விமானத்துறை வெளியிடுகிற வரைபடத்தைக் கிளம்புவதற்கு முன்பு ஒருமுறை, பறக்கவிடுகிற அன்று ஒருமுறை பார். தற்காலிகத் தடைகள் அன்றன்றைக்கு வரும், தீ விபத்து, பெரிய கூட்டம், தலைவர்கள் வருகை என்று. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிகிறது என்று வந்த தகவல்களாலேயே ஏறத்தாழ 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டு 1,40,000 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே விமான நிலையங்களைச் சுற்றிய தடைப்பகுதியைப் பெரிதாக்கினார்கள்.

ஏரி என்பதால் ஒன்று கேட்க வேண்டும், அங்கே பறவைகள் கூடு கட்டியிருக்கின்றனவா? கலிஃபோர்னியாவில் போல்சா சிக்கா என்கிற பாதுகாக்கப்பட்ட இடத்தில் 2021 மே மாதம் அனுமதியில்லாமல் பறந்த ஒரு ட்ரோன் விழுந்தது, அங்கே அடைகாத்துக்கொண்டிருந்த ஆலாப் பறவைகள் மிரண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டன.  இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. கூடு கட்டுகிற பருவத்தில் நீர்நிலைப் பக்கம் போகாதே, சட்டம் விட்டாலும் போகாதே.

தண்ணீருக்கு மேல் தாழ்வாகவும் பறக்காதே. அடியில் இருக்கிற சென்சார் தரையைப் பார்த்துத்தான் ட்ரோனை நிலையாக நிறுத்துகிறது, அலையடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் குழம்பும். கிளப்பும்போது அவசரப்படாமல், அது திரும்பி வர வேண்டிய இடமான ஹோம் பாயிண்ட் பதிவாகிவிட்டது என்று அது சொல்லும் வரை நில். ப்ரொப்பெல்லர் ஓரங்களை விரலால் மெதுவாகத் தடவிப் பார், கண்ணுக்குத் தெரியாத கீறல் விரலுக்குத் தெரியும். தலை உயரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திச் சத்தத்தைக் கேள். காற்று இருந்தால் முதலில் காற்றுக்கு எதிராகப் போ, திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். காற்றோடு போய்விட்டு 30 சதவீத பேட்டரியில் எதிர்காற்றில் திரும்புகிறவர்கள்தான் ட்ரோனை நடுவழியில் இழக்கிறார்கள். மேலே காற்று தரையில் இருப்பதைவிட வேகமாக இருக்கும், உன் காலடியில் புல் அசையாததை நம்பாதே.

அடுத்த மாதப் பயணத்துக்கு ட்ரோனையும் கொண்டுபோகிறேன் என்றாயே. மொராக்கோ உன் பட்டியலில் இருந்தது. அங்கே தனியார் ட்ரோன் உள்ளே கொண்டுவரவே தடை, விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் பயணத்தில் அதை வீட்டிலேயே வைத்துவிடு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை, அங்கே போய் ஏமாறாதே. ஜெர்மனி போவதாக இருந்தால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், எடுக்காமல் போகாதே, கட்டாயமில்லாத இடத்திலும் எடுத்துக்கொள்வதே நல்லது. உதிரி பேட்டரிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான், முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி உறையில். கொஞ்சமாவது உப்பியிருக்கிற பேட்டரி விமானத்துக்கும் வேண்டாம், ட்ரோனுக்கும் வேண்டாம், இரக்கமே பார்க்காமல் பேட்டரி சேகரிக்கிற இடத்தில் கொடுத்துவிடு.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பறக்கவிடுவதையே விட்டுவிடாதே. நானூறு மீட்டருக்குள் எடுத்த படங்களில்தான் உன் கை நன்றாகத் தெரிகிறது, அந்தப் படகுத்துறையைச் சுற்றி வந்த முதல் அரை நிமிடம் என்னிடம் கேட்டால் மொத்த வீடியோவிலும் அதுதான் சிறந்தது. தூரம் போன பகுதியில் வெறும் தண்ணீர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ரிமோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். ரிட்டர்ன் டு ஹோம் உயரத்தை, அதாவது ட்ரோன் தானாகத் திரும்பி வரும்போது பறக்கிற உயரத்தை, எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று பார்க்க வேண்டும், அந்தக் கரையில் இருக்கிற மரங்கள் நீ நினைப்பதைவிட உயரம். அதிகபட்ச உயரத்தையும் 120-இல் பூட்டிவிடலாம், நான் சொல்லச் சொல்ல நீ மாற்று.

அன்புடன்,
அம்மா