எந்த நலன் நிரந்தரம்? அமெரிக்க நாடாளுமன்றக் கறுப்பின உறுப்பினர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

1971ஆம் ஆண்டில் 13 பேர் கூடி உங்கள் குழுவைத் தொடங்கினார்கள். "நமக்கு நிரந்தர நண்பர்களும் இல்லை, நிரந்தரப் பகைவர்களும் இல்லை, நிரந்தர நலன்கள் மட்டுமே உண்டு" என்ற வாசகத்தை அவர்களுள் ஒருவரான வில்லியம் கிளே குழுவுக்கு வழங்கினார். நாடாளுமன்றத்தின் மனசாட்சி என்ற பெயரும் உங்களுக்கு உண்டு. தம் மக்களின் நலனைக் காப்பதும் மனசாட்சிப்படி நடப்பதும் பல நாள்களில் ஒரே செயலாக அமைந்துவிடுகின்றன. அவை பிரிந்து நிற்கும் நாளைப் பற்றியே இந்த மடல்.

இதை எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நான் அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன். 1946 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இந்தியாவிலிருந்து குடியேற ஆண்டுக்கு 100 பேருக்கு மட்டுமே இந்நாடு இடம் ஒதுக்கியிருந்தது. கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறைப்பட்டும் பெற்ற வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டில் கையெழுத்தானது. பூர்வீக நாட்டைப் பார்த்து இடம் ஒதுக்கும் முறையை நீக்கிய குடியேற்றச் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. பிறப்பால் மனிதரைத் தரம் பிரிப்பது தவறு என்பதை அந்தப் போராட்டம் நாட்டுக்கு உணர்த்தியிராவிட்டால், இரண்டாவது சட்டம் அப்போது வந்திருக்காது என்றே நம்புகிறேன். எங்களுக்குத் திறந்த கதவை நாங்கள் தட்டவில்லை, நீங்கள் தட்டினீர்கள்.

உங்களுக்கு முன்பே இந்தச் சோதனையைச் சந்தித்தவர் ஒருவர் உண்டு. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, மிசிசிப்பி மாநிலத்தின் செனட்டராக உயர்ந்த பிளான்ச் கே. புரூஸ். ஒரு கப்பலில் 15 சீனருக்கு மேல் வரக்கூடாது என்னும் மசோதா 1879 பிப்ரவரியில் செனட்டுக்கு வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பினத் தொழிலாளருக்கு மாற்றாகச் சீனரைக் கொண்டுவர அவருடைய மாநிலத்தின் தோட்ட முதலாளிகளே முயன்றிருந்தார்கள். தம் இனத்தின் கூலியையும் வேலையையும் மட்டும் எண்ணியிருந்தால், அந்த மசோதாவை ஆதரிக்க அவருக்கு வலுவான காரணம் இருந்தது. அவரோ எழுந்து, சில ஆண்டுகளுக்கு முன்புவரை குடியுரிமைக்கே தகுதியற்றவர்கள் என்று கருதப்பட்ட மக்களின் பிரதிநிதி தாம் என்றும், அதனால் இம்மசோதாவை எதிர்த்து வாக்களிக்கப்போவதாகவும் சொன்னார். அவர் பேசியது சில வரிகளே. தம் மக்கள் பட்ட துன்பத்தை அவர் தமக்குரிய சலுகைக்கான ஆதாரமாகக் காட்டாமல், முகம் தெரியாத இன்னொரு மக்களுக்காக நிற்பதற்கான காரணமாகக் காட்டினார்.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. மற்ற இனங்கள் எல்லாம் தம் பங்கைக் கேட்டு வாங்கும்போது, மிக அதிகமாக இழந்தவர்களிடம் மட்டும் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? நியாயமே இல்லை. எங்களைப் போன்ற குடியேறியவர்கள் உங்களுக்கு இன்னும் கடன் தீர்க்கவில்லை. ஆகவே உங்கள் மக்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மக்களின் நலன் என்ற பெயரில் பேசப்படுவது உண்மையில் யாருடைய நலன் என்று பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தொகுதி மறுவரையறை இதற்குத் தெளிவான சான்று. வட கரோலினாவின் கறுப்பின உறுப்பினர் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் 1901இல் பிரதிநிதிகள் அவையிலிருந்து விடைபெற்றபோது, இது தற்காலிகப் பிரிவே என்றும், பீனிக்ஸ் பறவைபோலத் தம் இனம் ஒருநாள் மீண்டு வரும் என்றும் சொன்னார். அவருடைய மாநிலத்தில் அந்த நாள் வர 91 ஆண்டுகள் ஆயின. கறுப்பின வாக்காளர் பெரும்பான்மையாக உள்ள தொகுதிகள் புதிதாக வரையப்பட்ட பின், 1992 தேர்தலில் இரு கரோலினாக்கள், வர்ஜீனியா, அலபாமா, புளோரிடா ஆகிய ஐந்து மாநிலங்களும் 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு முதன்முறையாகக் கறுப்பின உறுப்பினர்களை அனுப்பின. அது பெரும் நீதி. அதைச் சிறுமைப்படுத்த நான் ஒருபோதும் துணிய மாட்டேன்.

ஆனால் அந்தத் தொகுதிகளுக்காகக் குடியரசுக் கட்சியினரும் வழக்காடினார்கள் என்பதையும் மறக்கலாகாது. கறுப்பின வாக்குகள் ஓரிடத்தில் குவிந்தால், அக்கம்பக்கத் தொகுதிகள் தமக்கு எளிதாகும் என்பது அவர்கள் கணக்கு. 1994இல் அவையையே அவர்கள் கைப்பற்றினார்கள். உங்களில் பெரும்பாலோர் சார்ந்த ஜனநாயகக் கட்சியின் அந்தத் தோல்விக்கு வரைபடம் எந்த அளவு காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற காரணங்களும் இருந்தன. விளைவோ கண்கூடு. அவையின் படைத்துறைக் குழுத் தலைமையை உங்கள் குழுவின் ரான் டெலம்ஸ் இழந்தார். உங்கள் குழு இயங்குவதற்கான அவை நிதியும் 1995இல் நிறுத்தப்பட்டது. இடங்கள் கூடியிருந்தும் சட்டம் இயற்றும் வலிமை குறைந்தது.

இதை அறிந்தே, 2000களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் மாநில செனட் தொகுதிகள் குறித்த வழக்கில், கறுப்பின வாக்குகளைச் சற்றுப் பரவலாக்கிய வரைபடத்துக்கு ஆதரவாக உங்கள் குழுவின் ஜான் லூயிஸ் சாட்சியம் அளித்தார். வாக்குரிமைக்காக அலபாமாவின் செல்மாவில் மண்டை உடைபட்ட மனிதர் அவர். அந்த வரைபடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆயினும் பாதுகாப்பான இடத்தைவிடச் சட்டம் இயற்றும் வலிமை தம் மக்களுக்குத் தேவை என்ற அவரது எண்ணத்தில் தன்னலம் இல்லை.

என் வேண்டுகோள் சிறியது. தொகுதி வரைபடமோ குடியேற்ற மசோதாவோ உங்கள் முன் வரும்போது, உங்கள் நிலைப்பாட்டால் பயன்பெறுவோர் உங்கள் வாக்காளரா, பதவியில் இருப்பவரா என்பதைக் குழுவின் அறிக்கையிலேயே எழுத்தில் சொல்லுங்கள். ஓர் உறுப்பினர் தம் இடத்தைக் காத்துக்கொள்ள விரும்பினால் அது அவரது உரிமை; அந்தக் கோரிக்கை அவர் பெயரிலேயே வரட்டும், குழுவின் பெயரில் வேண்டாம். மற்றொரு மக்களின் உரிமையைக் குறைக்கும் மசோதா எதுவாயினும், உங்கள் விவாதத்தில் புரூஸின் அந்தச் சில வரிகளை ஒருவர் முதலில் வாசிக்கட்டும்.

நன்றிக்கடனோடும் மரியாதையோடும்,
உங்கள் போராட்டத்தால் இந்நாட்டுக்குள் வந்த ஒரு தமிழன்