படத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே நாளில் குடும்பத்தோடு போய்வரக்கூடிய இடங்களைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கும் நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். "படம் எடுக்க ஏற்ற இடம்" என்று அந்தக் குறிப்பு முடிந்திருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் மகள், மருமகன், பேரன், பேத்தி ஆகியோருடன் மயிலாடுதுறையிலிருந்து காலை ரயிலில் கும்பகோணம் சென்று, அங்கிருந்து ஆட்டோவில் தாராசுரம் போய்வந்தேன். மாலையில் திரும்பும்போது மூன்று கைப்பேசிகளிலும் சேர்த்து 400 படங்களுக்கு மேல் இருந்தன. ரயிலிலேயே பேத்தி அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். எதைப் பார்த்தாலும் அதில் நாங்கள்தான் இருந்தோம். தேர் வடிவில் கட்டிய ராஜகம்பீரன் மண்டபத்தின் குதிரைக்கு முன்னால் நாங்கள், தூணுக்குப் பக்கத்தில் நாங்கள், விமானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு நாங்கள். தேர்ச்சக்கரத்துக்கு எத்தனை ஆரங்கள் என்று பேரன் கேட்டான். ஒரு படத்திலும் எண்ண முடியவில்லை. சக்கரத்தை எங்கள் தோள்களும் பைகளும் மறைத்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து பழைய ஆல்பத்தை எடுத்தேன். 1972-இல் என் அப்பா எங்களை இதே கோயிலுக்கு அழைத்துப்போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவரிடம் ஓர் அக்ஃபா கிளிக் 3 காமிரா இருந்தது. ஒரு சுருளுக்கு 12 படங்கள்தாம். அவற்றில் எட்டில் நாங்கள் இருக்கிறோம். மீதி நான்கில் ஆளே இல்லை, வெறும் கல்தான். "பிள்ளைகளை எடுக்காமல் கல்லையும் தூணையும் எடுத்துக் காசைக் கரியாக்குகிறீர்களே" என்று அம்மா திரும்பி வரும் வழியெல்லாம் அங்கலாய்த்தது இன்னும் காதில் இருக்கிறது. இன்று என் பேரன் கையிலிருந்து பிடுங்க முடியாமல் வைத்திருப்பது அந்த நான்கு படங்களைத்தான். அவற்றில் ஒன்றில் சக்கரம் முழுதாக இருக்கிறது. ஆரங்களை விரல் வைத்து எண்ணிவிட்டான்.

அந்த எட்டில் ஒரு படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நந்திக்கு அருகே பலிபீடத்துக்கு ஏறும் சின்னப் படிகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஐந்து பைசா நாணயம். அந்தப் படிகளைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரத்தில் ஒலிக்கும் என்பது உங்கள் வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். அப்பா சொல்லிக்கொடுக்க, நான் தட்டிக் கேட்டேன். எனக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள் தங்கள் முறைக்காக நிற்கிறார்கள்.

இப்போது அந்தப் படிகளைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு இருக்கிறது. பேரன் கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் கேட்டிருக்கிறீர்களா, அம்மாச்சி?" என்றான். "கேட்டிருக்கிறேன்" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. ஆசை தீரத் தட்டிப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கூண்டு வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். அது இன்னும் நூறு ஆண்டுகள் அங்கேயே இருக்கட்டும்.

இனி நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கருவறையின் வெளிச்சுவர் அடிப்பகுதியில் நாயன்மார்களின் கதைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு முழம்கூட உயரமில்லாத சிற்பங்கள். குனிந்து, முடிந்தால் தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அங்கே ஓர் இளைஞர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஒரு சிற்பத்தின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஈரம் பட்டால் கல் கறுத்து, உருவமும் மேலே உள்ள எழுத்தும் படத்தில் தெளிவாக விழுமாம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த எழுத்தை வாசிக்க ஆசைப்பட்டவர் அன்று அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"தம்பி, தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு கல்லின் நுண்துளைகளில் தங்கிக் காயும்போது மேல்தோலைத் தள்ளி உதிர்க்கும்" என்றேன். பிறகு அவருடைய கைப்பேசியின் விளக்கையே போடச் சொல்லி, சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்கவைத்தேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாத கல், சாய்ந்த வெளிச்சம் பட்டதும் வேறாகிவிட்டது. பள்ளங்களில் நிழல் விழுந்து, உருவத்தின் முழங்கை மடிப்பு தெரிந்தது, இடுப்புத் துணியின் கொசுவம் தெரிந்தது. அதற்கு மேலே பழைய தமிழ் எழுத்துகள் எழுந்து நின்றன. "அம்மா, இது முன்பே தெரிந்திருந்தால் ஊற்றியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு அரை மணி நேரம் அவரும் என் பேத்தியும் சேர்ந்து ஒவ்வொரு சிற்பமாக வெளிச்சம் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார்கள். வெளியே வந்து, காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்தச் சிற்பத்தின் முன், கல்லைத் தொடாமல் கண்ணுக்கு நேரே உள்ளங்கையை வைத்து ஒரு பக்கத்து உடலை மறைத்தும் மறுபக்கத்தை மறைத்தும் மாறி மாறிப் பார்த்தார்கள். எங்கள் பயணத்தில் நான் நிறைந்து நின்ற நேரம் அதுதான்.

சாக்குக்கட்டியால் எழுத்தின்மேல் தேய்த்துப் படம் எடுப்பவர்களையும் வேறு கோயில்களில் பார்த்திருக்கிறேன். இதைச் செய்யாதீர்கள் என்று பலகை வைத்தால் மட்டும் போதாது. எப்படிப் பார்க்க வேண்டும் என்றும் இரண்டு வரி தமிழில் எழுதிவைக்கலாம். அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

அந்த எழுத்துகளைப் பற்றி யோசித்துக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன். இந்தக் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் ராஜராஜன். 1146 முதல் 1173 வரை ஆண்டவன். அவனுடைய தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடினார். ஒரு தலைமுறை கழிவதற்குள் அந்தக் கதைகள் இங்கே கல்லில் ஏறிவிட்டன. செதுக்கியதோடு நிறுத்தாமல் இன்னார் கதை என்று பெயரையும் பொறித்தார்கள். வடக்குச் சுற்றில் தேவாரம் ஓதியவர்கள் 108 பேரின் உருவங்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் பெயர் உண்டு. தாராசுரத்தில் கிடைத்துத் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இப்போது இருக்கும் ஒரு துவாரபாலகர் சிலையின் பீடத்தில், சாளுக்கியரின் தலைநகரான கல்யாணபுரத்தை வென்று அங்கிருந்து கொண்டுவந்தது என்ற செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால், சாளுக்கிய நாட்டுச் சிலை சோழ நாட்டுக்கு எப்படி வந்தது என்று நாம் இன்றும் ஊகித்துக்கொண்டிருப்போம். ராஜராஜேச்சுரம் என்ற ஊர்ப்பெயரே வாய்மாறித் தாராசுரமாகிவிட்ட இடத்தில், கல்லில் எழுதியது மட்டும் மாறாமல் நிற்கிறது.

என் அப்பா எழுத்தராக வேலை பார்த்தவர், வரலாறு படித்தவரல்ல. ஆனால் ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் பென்சிலால் தேதி, இடம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று எழுதியிருக்கிறார். எங்கள் 400 படங்களில் ஒன்றுக்கும் அப்படி ஒரு வரி இல்லை. கைப்பேசியே தேதியைப் பதிந்துகொள்ளும் என்கிறார் மருமகன். இருக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் நாலு பேர் கைமாறிவந்த படம் எந்தக் கோயிலின் எந்தச் சுவர் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. போன ஆண்டு வாங்கிய புதுக் கைப்பேசிக்கு மாறும்போது அதற்கு முந்தைய மூன்று ஆண்டுப் படங்கள் போய்விட்டன என்றும் அவரே சொன்னார்.

யுனெஸ்கோ 2004-இல் இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. கோயிலை முறையாக அளந்து ஆவணப்படுத்தும் வேலையைப் படித்தவர்கள் செய்வார்கள். ஆனால் ஐம்பது, அறுபது ஆண்டுகளாகக் குடும்பம் குடும்பமாக வந்து எடுத்த படங்கள் தஞ்சை, திருச்சி, சென்னை வீடுகளின் அலமாரிகளில் கறையான் அரிக்கக் கிடக்கின்றன. ஒரு மூக்கு எப்போது உடைந்தது, ஒரு படியின் விளிம்பு எந்த ஆண்டுக்குப் பிறகு மழுங்கியது என்பதற்கு அவை சாட்சி. படத்தில் நிற்கும் மாமாவுக்குப் பின்னால் அது தெரியும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு முறை அரைப் பக்கம் ஒதுக்கி, ஒரு கோயிலையோ கோட்டையையோ சொல்லி, அங்கே எடுத்த பழைய குடும்பப் படங்களைத் தேதியோடும் இடத்தோடும் அனுப்பும்படி வாசகர்களைக் கேளுங்கள். பக்கத்திலேயே இன்று அதே இடத்திலிருந்து எடுத்த படத்தையும் போடுங்கள். இனிமேல் போகிறவர்கள் பிள்ளைகளை ஆசை தீர எடுக்கட்டும், நானும் எடுப்பேன். கூடவே ஆள் இல்லாமல் ஒரு படமும் எடுத்து, அதற்கு ஒரு வரி எழுதிவைக்கட்டும்.

தொடக்கமாக, பலிபீடப் படிகளில் நான் உட்கார்ந்திருக்கும் படத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பின்பக்கத்தையும் சேர்த்து நகல் எடுத்திருக்கிறேன். "14.5.72, தாராசுரம், மேற்கு நோக்கி, காலை 9 மணி" என்று அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. கீழிருந்து இரண்டாவது படியின் இடது மூலை அன்று எப்படி இருந்தது என்பது அதில் நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை.