லெமூரியாவைப் பேசச் சொல்லும் தமிழ் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடத்தும் தமிழ் மன்றப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு, 'கடல் கொண்ட லெமூரியா'. தமிழர் வாழ்ந்து கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் கண்டம் அது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாளைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேசினாள். "அன்று நம் கண்டத்தை விழுங்கிய அதே கடல்தான் 2004இல் நாகப்பட்டினத்துக்கும் வந்தது" என்று அவள் முடித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை. முதல் பரிசு அவளுக்குத்தான். அந்தத் தமிழுக்கு அது தகும். ஆனால் அவள் பேசிய விஷயம் தவறு என்று கூப்பிட்டுச் சொல்லாமல் வந்துவிட்டேன். அது உறுத்துகிறது.

லெமூரியா என்ற பெயர் நம் பழந்தமிழ் நூல் எதிலும் கிடையாது. 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த பெயர் அது. மடகாஸ்கரில் லெமூர் என்ற விலங்கு வாழ்கிறது, அதற்குத் தூரத்துச் சொந்தமான தேவாங்கு நம் கடவூர்க் காட்டில் வாழ்கிறது, நடுவில் பெருங்கடல். அங்கே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் யூகித்தார். கண்டம் நகரும் என்ற எண்ணமே பரவாத காலம், அதனால் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 1912இல் வேகனர் என்ற ஜெர்மானியர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். எந்த விசை நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியாததால் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1960களில் கடல்தரையை ஆராய்ந்த பிறகுதான் விஷயம் தெளிவானது. நடுக்கடல் மலைத்தொடர்களில் புதுத் தரை உருவாகி இருபுறமும் விலகிக்கொண்டே இருக்கிறது. இந்தியாவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே மனிதர்கள் வாழ்ந்த கண்டம் எதுவும் மூழ்கவில்லை. ஒட்டியிருந்த இரண்டும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன, அவ்வளவுதான்.

சான்று வேண்டுமா? பல்லாவரம் மலைக்கு வாருங்கள். அங்கே உடைத்த கருங்கல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கருமைக்குள் லேசாக நீலம் ஓடும், எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. சார்னோக்கைட் என்பது அதன் பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் என்பதால் அந்தப் பெயர் வந்தது. இதே வகைப் பாறை இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவிலும் இருக்கிறது. எல்லாம் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தவை. சென்னைப் பிள்ளைகள் மின்சார ரயிலில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இது கிடக்கிறது!

அப்போ கடல்கோள் பற்றி நம் இலக்கியம் சொல்வது பொய்யா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை அன்று தரை, இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருக உருக கடல் ஏறி வந்தது. நம் காலத்திலும், 1964இல், தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. கரையை இழந்த மக்களின் நினைவு பாட்டில் தங்கியிருக்கலாம். அதற்கு ஒரு கண்டம் மூழ்க வேண்டியதில்லை.

இனி அந்தப் பெண் சொன்ன நாகப்பட்டினம். இந்தியத் தட்டு, அதாவது நம் நாட்டைச் சுமந்திருக்கும் பிரமாண்டமான பாறைப் பலகை, வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரற்கடை, வடக்கே நகர்கிறது. ஆசியாவை முட்டுவதால் இமயம் உயர்கிறது. 2015இல் நேபாளம் குலுங்கியதும் அதனால்தான். சுமத்ரா, அந்தமான் பக்கம் அது இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. நுழையும்போது இரண்டும் சிக்கிக்கொள்ளும். மேலே இருக்கும் தட்டின் விளிம்பு, இழுத்துப் பிடித்த மூங்கில் போல, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கீழே வளைந்துகொண்டே போகும். 2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு அந்தப் பிடி விட்டது. 1,200 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்குப் பிளவு ஓடியது. விளிம்பு நிமிர்ந்த வேகத்தில் கடல்தரை உயர்ந்து, மேலே நின்ற தண்ணீரைத் தூக்கியது.

அந்தச் சுனாமி அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் கரையில் இருந்த பெரும்பாலோருக்கு அலை வருவது தெரியாது. 'கடல் விழுங்கும்' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது பயம்தான். தட்டு எப்படி நகர்கிறது என்று தெரிந்த பிள்ளை, சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் என்று கேட்டதுமே கரையை விட்டு விலகும். இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள்: கடல் முதலில் உள்வாங்கும் என்று காத்திருக்கக் கூடாது. தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கமோ உயர்ந்த அலைதான் முதலில் வந்தது.

உங்களிடம் நான் கேட்பது சின்ன மாற்றம்தான். அடுத்த போட்டிக்கு 'பல்லாவரம் கல்லின் பயணம்' என்று தலைப்புக் கொடுங்கள். தயாரிப்புக்கு உதவ நான் வருகிறேன், கையில் அந்தக் கல்லோடு. அந்தப் பெண்ணையும் கட்டாயம் கூப்பிடுங்கள். அன்று சொல்லாமல் விட்டதை அவளிடம் நேரில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்