பழைய புத்தகங்களைத் திறந்துவிடுங்கள்: எங்கள் கவுண்டிப் பத்திரப் பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கும் கவுண்டி (மாவட்ட) ஆணையர்களுக்கும்,

வணக்கம். பழைய பத்திரப் புத்தகங்களும் திருமணப் பதிவேடுகளும் இருக்கும் அறையை இந்த வசந்த காலத்தோடு பொதுமக்களுக்கு மூடிவிட்டீர்கள். இனி யாராக இருந்தாலும் முன்கவுன்ட்டரில் படிவம் வாங்கி ஒரு பெயரையும் ஒரு தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் அட்டவணையில் இருந்தால் தட்டச்சு செய்த ஒரு சுருக்கம் வரும். இல்லாவிட்டால் "பதிவு இல்லை" என்று வரும். இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஏற்கனவே உங்கள் மேசையில் இருக்கிறது. அதையே தமிழிலும் எழுதுகிறேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேரி, மோரிஸ்வில், சார்லட் பக்கம் குடியேறிய நம்மவர்களில் சிலர் இப்போது இந்த ஊர்க் குடும்பங்களுக்கு மருமகளாகவும் மருமகனாகவும் போயிருக்கிறார்கள். நாளைக்கு அவர்களுடைய பிள்ளைகளும் அதே கவுன்ட்டரில் வந்து நிற்பார்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்க விடுங்கள். அறையில் வைத்துக் காட்டினாலும் சரி, படமெடுத்து இணையத்தில் போட்டாலும் சரி.

நான் வாழ வந்த வீடு மாநிலத்தின் நடுப்பகுதியான பீட்மான்டின் புகையிலை விவசாயக் குடும்பம். ஒரே ஓடையின் இரண்டு கரையிலும் நிலம் வைத்திருந்த நாலைந்து குடும்பங்கள் நூறு வருஷத்துக்கு மேல் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் கதையெல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கே இவர்களின் உறவைப் பிரித்தெடுக்கத் தலை சுற்றுகிறது. 1860களில் அண்ணனும் தம்பியும் அடுத்த பண்ணையின் அக்காவையும் தங்கையையும் கட்டினார்கள். இரண்டு வீட்டிலும் மூத்தது பெண். இரண்டு பேருக்கும் அம்மா வழிப் பாட்டியின் பெயரையே வைத்தார்கள், மார்த்தா என்று. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். அம்மா வழியில் பார்த்தாலும் அக்கா, தங்கை பிள்ளைகள். குடும்பப் பெயரும் ஒன்றேதான்.

1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடுத்தடுத்த வீட்டில் இருவரும் இருக்கிறார்கள், ஒருத்திக்கு 11 வயது, இன்னொருத்திக்கு 10. அடுத்து நமக்குக் கிடைப்பது 1900. நடுவில் இருந்த 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1921இல் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் பெரும்பாலும் நாசமாகிவிட்டது. நெருப்பிலும் தண்ணீரிலும் தப்பிய கட்டுகளைப் பழுது பார்க்காமலே வைத்திருந்து, 1930களில் அனுமதி வாங்கி அழித்தும் விட்டார்கள். 1900இல் ஒரே ஒரு மார்த்தா, ஒரு விவசாயியின் மனைவியாக, மணமாகிப் பதினோரு வருஷம் ஆனவளாக வருகிறாள். அவள்தான் என் கணவரின் முப்பாட்டி. அவளுக்குப் போட்டிருக்கும் பிறந்த ஆண்டு இரண்டு மார்த்தாக்களில் யாருக்கும் பொருந்தவில்லை. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றவர் சொன்னதை எழுதிக்கொண்டு போயிருப்பார். பிறப்புப் பதிவு உதவுமா என்றால், இந்த மாநிலத்தில் அது தொடங்கியதே 1913இல்தான்.

மாமியார் வீட்டுப் பைபிளில் பிறப்புப் பக்கத்தில் "மார்த்தா" என்று பழுப்பேறிய மையில் எழுதியிருக்கிறது. எதிரே இருக்கும் திருமணப் பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காணோம், கோணலாகக் கிழிந்திருக்கிறது. ஆக மிச்சம் இருப்பது உங்கள் 1889ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேடு. மணமக்களின் பெற்றோர் பெயர், யார் வீட்டில் திருமணம் நடந்தது, சாட்சிகள் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாநில ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிம் படச்சுருளைப் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தோம். பெற்றோர் பெயர் வரும் கட்டம் புத்தகம் தைத்த மடிப்புக்குள் போய், படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. அசல் புத்தகத்தைக் கொஞ்சம் விரித்துப் பிடித்தால் படித்துவிடலாம்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். மணமகன் பெயர், மணமகள் பெயர், தேதி என்று எங்களுக்குத் தெரிந்த மூன்றையும் தட்டச்சு செய்து கொடுத்தீர்கள். எந்த மார்த்தா என்று கேட்டதற்கு, ஒரே பெயரில் இருவர் இருந்தால் சரியான தேதியைக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்கவும், கட்டணம் தனி என்று பதில் வந்தது. ஊழியரைக் குறை சொல்லவில்லை, அவர் விதியைப் படித்துச் சொன்னார். ஆனால் அந்த விதியை எழுதியவர், ஒரே ஊருக்குள் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்களின் பதிவேட்டை ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பாரா? என் மாமியாருக்கு 86 வயது. தன் பாட்டியின் அம்மா யார் வீட்டுப் பெண் என்று கேட்கிறார். அதற்கான விடை உங்கள் கட்டடத்துக்குள் இருக்கிறது.

சரி, எங்கள் சங்கதியாவது ஒரு தலைமுறைக் குழப்பம். இன்னொருவருக்கு நடப்பதைச் சொல்ல வேண்டும்.

அதே குடும்பப் பெயர் கொண்ட ஒரு கறுப்பினப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. மரபணுச் சோதனையில் அவரும் என் கணவரும் தூரத்துச் சொந்தம் என்று வந்தது. அந்தச் சொந்தம் எப்படி வந்திருக்கும் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும்; இப்போதுதான் வாய்விட்டுப் பேசுகிறார்கள். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அக்காவின் குடும்பம் பெயரோடு இருக்கிறது. அடிமைத்தனம் ஒழிந்தபின், சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளின் திருமணத்தைச் செல்லுபடியாக்க 1866இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டதே, அதன்படி எத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்தோம் என்று சொல்லிப் பதிந்தவர்களிலும் அவருடைய முன்னோர் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் போனால் சுவர். 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்பில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் போன்ற விவரங்கள்தான். அந்த மனிதர்களின் பெயரை எழுத அதில் இடமே வைக்கவில்லை.

பெயர் இருக்கக்கூடிய இடம் உங்கள் பத்திரப் புத்தகங்கள். மகளைக் கட்டிக் கொடுக்கும்போது நிலத்தோடு அடிமைகளையும் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்த காலம் அது. எந்தப் பண்ணைப் பெண் எந்தப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று தெரிந்தால்தான், ஒரு தாயையும் பிள்ளையையும் எந்தப் பக்கம் பிரித்து அனுப்பினார்கள் என்று தேட முடியும். எங்கள் வீட்டுக் கல்யாண உறவுகள் அக்காவுக்குத் தேவைப்படுவது அதனால்தான். ஆனால் உங்கள் அட்டவணையில் இரண்டே வரிசை: எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர். எழுதிக் கொடுக்கப்பட்ட மனிதரின் பெயர் அதில் கிடையாது. அக்கா தன் முன்னோரின் பெயரைப் படிவத்தில் எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாலும் "பதிவு இல்லை" என்றுதான் வரும். பதிவு இருந்தாலும் அப்படித்தான் வரும். பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியே இல்லை. அந்த வழியைத்தான் நீங்கள் பூட்டியிருக்கிறீர்கள்.

புத்தகங்கள் நைந்துவிட்டன, ஆள் பற்றாக்குறை என்கிறீர்கள். நைந்தவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. அதற்குப் படமெடுத்து வைப்பதுதான் வழி. இதே மாநிலத்தில் பன்கம் கவுண்டிப் பத்திரப் பதிவு அலுவலகம் தன் புத்தகங்களில் இருந்த அடிமைப் பத்திரங்களைத் தேடியெடுத்து இணையத்தில் வைத்தது. கிரீன்ஸ்பரோவில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகம் பல கவுண்டிகளின் அப்படிப்பட்ட பத்திரங்களைத் திரட்டியிருக்கிறது. அவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

உங்கள் இணையதளத்தைத் திறந்தால் முதல் படமே பழைய புகையிலைக் கொட்டகை. வேர்களைத் தேடி வாருங்கள் என்று வெளியூர்க்காரர்களை அழைக்கிறீர்கள். அந்தக் கொட்டகைக்கு மரம் அறுத்தவர், இலையைக் குச்சியில் கட்டிச் சூட்டுக்குள் ஏறித் தொங்கவிட்டவர் எல்லாம் யார் யார் என்று கேட்டு வருகிறவரிடம் ஒரு படிவத்தை நீட்டுகிறீர்கள். பொது ஆவணங்கள் மக்களின் சொத்து என்று மாநிலச் சட்டத்தின் 132ஆம் அத்தியாயமே சொல்கிறது. சொத்துக்காரர் வாசலில் நிற்கிறார், ஐயா. எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். முழு அறையையும் உடனே திறக்க முடியாவிட்டால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை திறங்கள். மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் அக்காவும் இன்னும் சிலரும் சம்பளம் இல்லாமல் வரத் தயார். படமெடுக்கும் வேலையை 1865க்கு முந்தைய பத்திரப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள், எங்கள் மார்த்தா காத்திருக்கலாம். இதை ஆணையர்களின் அடுத்த கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்து, திறப்பீர்களா மாட்டீர்களா என்று எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கவுண்டியில் வரி கட்டும் ஒரு விவசாயக் குடும்பத்தின் மருமகள்