மரிக்கொழுந்துன்னு தேடினா பூவுதான் வருது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பாம்பன்ல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், ஆன்லைன் அப்ளிகேஷன், ஆதார் பிரிண்ட், டிக்கெட் புக்கிங் எல்லாம் பண்ணித் தருவேன். உங்க பேப்பர் காலைல கடை தொறக்குறப்பவே வந்துரும், ஆசிரியருக்குக் கடிதம் பகுதிய ஒரு நாளும் விட்டதில்ல, எழுதுறது இதான் மொத தடவ. போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, இப்பல்லாம் யாரும் நீளமா எழுதுறதும் இல்ல படிக்கிறதும் இல்ல, எல்லாம் ரீல்ஸோட முடிஞ்சுருதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. அதப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல ஐயா. எழுதுறாங்க. சம்பளம் இல்லாம, விளம்பரம் இல்லாம, ராத்திரி பிள்ளைங்க தூங்கின பெறகு ஒக்காந்து எழுதுறவங்க நெறைய பேரு இருக்காங்க, நாம போயி தேடுறதில்ல, தேடினாலும் தப்பான வார்த்தையப் போட்டுத் தேடுறோம்.

எனக்கு இது தெரிஞ்ச கதையச் சொல்றேன். எங்கம்மா முப்பது வருஷத்துக்கு மேல தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவங்க. மூணு வருஷம் முன்னாடி என் மகளுக்கு ஸ்கூல்ல கடல்பாசி பத்தி எழுதிட்டு வரச் சொன்னாங்க, நானும் கூகுள்ல கடல்பாசின்னு அடிச்சேன், அத்தனையும் நோன்பு நேரத்துல செய்ற கடல்பாசி ரெசிபி, ரோஸ் மில்க் கடல்பாசி, இளநீர் கடல்பாசின்னு வருது. சரின்னு அம்மா எடுத்த பாசில ஒண்ணோட பேரு மரிக்கொழுந்து, அதப் போட்டேன், பூவும் சென்ட்டும் சினிமாப் பாட்டும்தான் வந்துச்சு. அம்மா பக்கத்துல சாஞ்சு ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தவங்க, "தனியா போட்டா அதுக்கு எப்படித் தெரியும் தாயி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசின்னு மூணையும் சேத்துப் போடு"ன்னாங்க. போட்டேன். மூணாவது பக்கத்துல, கீழ, ஒரு வலைப்பூவோட பிளாக்ஸ்பாட் அட்ரஸ் வந்துச்சு.

இந்தக் கரையில பொறந்து படிச்சு வெளியூர் வேலைக்குப் போன ஒருத்தர் எழுதினது, கடைசிப் பதிவு வந்து பல வருஷம் ஆயிருந்துச்சு. அவரோட அம்மாவும் பாசிக்குப் போனவங்களாம். வெரல்ல பழைய துணியக் கிழிச்சு எப்படிச் சுத்துவாங்க, எந்த வெரலுக்கு ரெண்டு சுத்து, பாறை கிழிக்காம கைய எப்படி உள்ள விடணும், எந்தக் காத்துல தண்ணி தெளிஞ்சு கெடக்கும், கண்ணாடி போட்டு முங்குறப்ப காதுல என்ன சத்தம் கேக்கும், இதெல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதி வெச்சிருந்தாரு. நான் சத்தமா வாசிச்சேன், அம்மா ஒண்ணும் பேசல, கைய மட்டும் விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டாங்க, சுட்டுவெரல்ல இன்னும் தழும்பு இருக்கு. ஒரு எடத்துல மட்டும் நிறுத்தச் சொன்னாங்க. பாசியப் புடுங்குவாங்கன்னு அவரு எழுதியிருந்தாரு. "புடுங்க மாட்டோம், கிள்ளுவோம், வேர விட்டுட்டுக் கிள்ளினாத்தான் மறுபடி மொளைக்கும், அத அவருக்கு எழுதிப் போடு"ன்னாங்க. நான் பின்னூட்டத்துல அம்மா சொன்னத அப்படியே டைப் பண்ணிப் போட்டேன். பதில் வரும்னு நெனைக்கவே இல்ல, ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு, அதோட பதிவுலயும் அந்த வரியத் திருத்தி, பாம்பன் அம்மா ஒருத்தங்க சொன்னதுன்னு போட்டிருந்தாரு. எழுதப் படிக்கத் தெரியாத எங்கம்மா சொன்ன பாடம் இப்ப நெட்ல கெடக்கு ஐயா.

மண்டபத்துல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தோட மையம் இருக்கு, அந்த நிலையத்தோட அறிக்கைங்க இங்கிலீஷ்ல நெட்ல காசில்லாமலே கெடைக்குது, மரிக்கொழுந்துல இருந்து அகர் எடுக்குறதும் கட்டக்கோரைல இருந்து ஆல்ஜினேட் எடுக்குறதும் (ரெண்டும் சாப்பாட்டுச் சாமானக் கெட்டியாக்கப் போடுறது) அதுல விவரமா இருக்கும், அதுவும் வேணும்தான். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014ல ஆரம்பிச்ச, கிராமத்து மக்களப் பத்தி எழுதுற பாரி இணையதளத்துலயும் எங்க பாசிக்காரப் பொம்பளைங்கள வந்து பாத்து எழுதியிருக்காங்க, தமிழ்லயும் போடுறாங்க, நல்ல வேலை. ஆனா வெரலுக்கு ரெண்டு சுத்துங்கிறத அம்மாவப் பாத்து வளந்த பிள்ளைதான் எழுத முடியும்.

அந்த ஒரு பக்கத்துல இருந்து நான் எங்கெங்கயோ போனேன். அவரு பக்கத்து ஓரத்துல "நான் வாசிப்பவை"ன்னு ஒரு பட்டியல் இருந்துச்சு, பழைய பிளாக் எல்லாத்துலயும் அப்படி ஒண்ணு இருக்கும், அதுல பாதி லிங்க் செத்துப்போச்சு, மீதி உசுரோட இருக்கு. அதுல ஒருத்தரு ரயில் பைத்தியம். நம்ம பாம்பன் பாலத்தப் பத்தி மட்டும் ஏழெட்டு பதிவு. 1914ல தெறந்த பழைய தூக்குப்பாலத்த ஆளுங்க நின்னு கையாலயே சுத்தித்தான் தூக்கினாங்க, அத ஒவ்வொரு ஸ்டெப்பா படத்தோட எழுதியிருக்காரு. 2025 ஏப்ரல்ல தெறந்த புதுப் பாலம் லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும், 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் தூக்குது, இது எல்லா டிவிலயும் வந்துச்சு. பழைய பாலத்தச் சுத்தினவங்க கையி எந்த டிவில வந்துச்சு? தனுஷ்கோடின்னு தேடிப் பாருங்க, பேய் ஊருன்னு தலைப்பு போட்ட வீடியோதான் வரிசையா வரும். 1964 டிசம்பர் புயல்ல உறவ எழந்த குடும்பங்க இன்னும் இங்கதான் இருக்கு, அவங்களுக்கு அது பேய் ஊரு இல்ல, பொறந்த ஊரு. தாத்தா சொன்னதக் கேட்டு பேரப்பிள்ளைங்க எழுதினது அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கு, அது பத்தாவது பக்கத்துக்கு அப்பறந்தான் வரும்.

கீழக்கரைக்காரங்க வெளிநாட்டுல இருந்து எழுதுறதயும் சொல்லணும். தொதல்னு தேடுங்க, அல்வான்னு தேடாதீங்க. தேங்காப்பாலும் கருப்பட்டியும் ஊத்தி மணிக்கணக்கா கிண்டுறது, எண்ணெய் பிரிஞ்சு வர்ற நேரத்துல வாசம் எப்படி மாறும், கல்யாண வீட்டுல யாரு கிண்டுவாங்க, கை வலிச்சா யாரு வந்து கரண்டிய வாங்குவாங்கன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க, சமையல் குறிப்புன்னு ஆரம்பிச்சு அவங்க தெருவோட மொத்த கதையா அது போயிருச்சு. இன்னொருத்தர் கோதண்டராமர் கோயில் பக்கம் வர்ற பூநாரைய வருஷா வருஷம் வந்து எண்ணி எழுதுறாரு. வாழ்த்தும் லைக்கும் எதிர்பாக்காம இப்படி ஒரே விஷயத்தப் புடிச்சுக்கிட்டு எழுதுறவங்களப் பாத்தா எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

முன்னாடி இதையெல்லாம் கண்டுபுடிக்க வழி இருந்துச்சாம், நான் அப்ப நெட் பக்கமே வரல, பழைய பதிவுங்கள்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2004ல தமிழ்மணம்னு ஒரு திரட்டி வந்துச்சு, யாரு புதுசா எழுதினாலும் அதுல வந்து விழும், வாரம் ஒருத்தர நட்சத்திரம்னு முன்னாடி நிறுத்துவாங்க. வலைச்சரம்னு இன்னொண்ணு, அதுல வாரத்துக்கு ஒரு பதிவர் ஆசிரியரா ஒக்காந்து, தனக்குப் புடிச்ச மத்தவங்க எழுத்த ஒவ்வொண்ணா அறிமுகப்படுத்துவாரு. கூகுள் ரீடர்னு ஒண்ணு இருந்துச்சு, புடிச்ச பிளாக்க அதுல சேத்து வெச்சா புதுசா வர்றது தானா வந்து சேரும், 2013 ஜூலைல அத மூடிட்டாங்க. திரட்டிங்களும் ஒவ்வொண்ணா மங்கிப்போச்சு, எழுதினவங்க பேஸ்புக்குக்குப் போனாங்க, அங்க போட்டது மறுநாளே கீழ போயிருது, ஆறு மாசம் கழிச்சு அவங்களே தேடினாலும் கெடைக்காது. பிளாக்ல ஓரத்துல வருஷமும் பக்கத்துல எண்ணிக்கையும் இருக்கும், 2009ல எழுவது, 2010ல நாப்பது, 2012ல மூணு, அப்பறம் ஒண்ணுமில்ல. அதப் பாக்குறப்ப மனசு ஒரு மாதிரி ஆயிரும். எழுதினவரு சோர்ந்து போயிருக்காரு, ஒரு ஆளு வந்து படிச்சேன்னு சொல்லியிருந்தா நாலாவது எழுதியிருப்பாரு.

இப்பவும் வழி இருக்கு. ஊருக்காரங்க வாயில வர்ற சொல்லப் போட்டுத் தேடுங்க, மேற்குக் காத்துன்னு போடாம கச்சான்னு போடுங்க, அப்படிச் சொல்லு ரெண்டு மூணச் சேத்துப் போடுங்க. புடிச்ச பக்கம் கெடைச்சா ஓரத்துல இருக்குற லிங்க்கயும் கீழ பின்னூட்டம் போட்டவங்க பேரயும் தட்டுங்க, பேருக்குப் பின்னாடி அவங்க பிளாக் இருக்கும். செத்துப்போன அட்ரஸா இருந்தா அமெரிக்காவுல இன்டர்நெட் ஆர்க்கைவ்னு ஒரு லாப நோக்கம் இல்லாத அமைப்பு நடத்துற, பழைய இணையப் பக்கங்களச் சேத்து வெச்சிருக்குற வேபேக் மெஷின்ல போட்டுப் பாருங்க, நான் அப்படி நாலஞ்சு மீட்டிருக்கேன், பிரிண்ட் எடுத்து கடைல பைல் போட்டு வெச்சிருக்கேன், ஜெராக்ஸ் எடுக்க வர்ற காலேஜ் பிள்ளைங்க நின்னு வாசிச்சுட்டுப் போகும்.

ஒரு வருத்தத்தயும் சொல்லிடுறேன். அம்மா சொல்லச் சொல்ல நானும் ஒரு பிளாக் ஆரம்பிச்சு பன்னெண்டு பதிவு எழுதினேன். அதுல ஒண்ண ஒரு வீடியோ சேனல் வரிக்கு வரி வாசிச்சுப் போட்டுட்டாங்க, அம்மா பேரும் இல்ல, என் பேரும் இல்ல, பாம்பன்ங்கிறத ராமேஸ்வரம்னு மாத்திட்டாங்க. எங்கிருந்து எடுத்தீங்கன்னு கீழ கேட்டேன், என் கேள்விய அழிச்சுட்டாங்க. காசு கேக்கல ஐயா. மேல ஒரு வரி, இன்னார் எழுதினதுன்னு போட்டா என்ன கொறைஞ்சுரும்?

அதனால உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. ஞாயித்துக்கிழமை இணைப்புல கால் பக்கம் வேண்டாம், கடைசி மூலைல உள்ளங்கை அகலத்துக்கு எடம் குடுங்க. வாரம் ஒரு தனியாள் எழுத்து, அவங்க பேரு, முழு அட்ரஸ், எதப் பத்தி எழுதுறாங்கன்னு நாலு வரி. வலைச்சரத்துல செஞ்ச மாதிரி வாரம் ஒரு வாசகர விட்டே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம், ஒரு வாரம் தொண்டிக்காரர் எடுக்கட்டும், ஒரு வாரம் ஏர்வாடி, ஒரு வாரம் மூக்கையூர். எங்க ஊர்ல கடல் ஓசை எஃப்.எம். 90.4ல மீனவங்க பேச்சு மீனவங்க வாயிலயே வருது, ஊரே காது குடுத்துக் கேக்குது, பேச்சுக்கு ஒரு எடம் கெடைச்ச மாதிரி எழுத்துக்கும் ஒரு எடம் கெடைக்கட்டும். ரெண்டாவது, உங்க நிருபருங்க பிளாக்ல இருந்து ஒரு தகவல் எடுத்தா, இணையத்தில் கிடைத்த தகவல்னு போடாம அந்தப் பேரையும் அட்ரஸையும் அச்சுல போடச் சொல்லுங்க.

மொத நாலு வாரத்துக்கு நான் பட்டியல் அனுப்புறேன், எல்லாத்தயும் தொறந்து பாத்து, இப்பவும் வேலை செய்யுதான்னு சரிபாத்துத்தான் அனுப்புவேன்.

இந்த லெட்டர முடிச்சுட்டு அம்மாக்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். எல்லாம் கேட்டுட்டு, "பக்கோடாப் பாசிய விட்டுட்டியே தாயி"ன்னாங்க. கூகுள்ல போட்டுப் பாத்தேன், வெங்காயப் பக்கோடாவா வருது. பின்னாடி கட்டக்கோரையச் சேத்துப் போட்டுத் தேடிக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பாம்பன்