மூன்று மணி நேரம் தெருவை நடப்பவர்களுக்கு விடுங்கள்

மதிப்பிற்குரிய போக்குவரத்துக் காவல் அதிகாரி அவர்களுக்கும், எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கும்,

வணக்கமுங்க.

எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பர் 20 ஆகிவிட்டால், கிறிஸ்துமஸுக்கு வீடுதோறும் போடும் விளக்குகளையும் குடில்களையும் பார்க்கப் பொழுது சாயும்போதே வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். மூன்று வருடமாக மனு கொடுக்கிறோம். இந்த முறை வந்த பதில்: "விளக்கைக் குறைத்துக்கொண்டால் கூட்டம் தானாகக் குறையும்." நல்ல யோசனைதான். சந்தையை மூடினால் சந்தைக் கடையில் நெரிசல் இருக்காது, தேரை நிறுத்தினால் தேர்வீதியில் தொல்லை இருக்காது. ஆனால் நாங்கள் கேட்டது அதுவல்ல. டிசம்பர் 22 முதல் ஜனவரி 1 வரை, மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, எங்கள் தெருவுக்குள் கார், பைக் எதுவும் வராமல் தடுங்கள். வேடிக்கை பார்க்க வருபவர்கள் நடந்து வரட்டும்.

போன வருடம் 24ஆம் தேதி இரவு 108 வண்டி தெருமுனையிலேயே நின்றுபோனதும், மூச்சுத்திணறிய பெரியம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனதும் உங்கள் இருவருக்குமே தெரியும். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அது ஏன் அப்படித்தான் ஆகும் என்பதை மட்டும் கணக்காகச் சொல்கிறோம்.

சாக்கடை மூடியிலிருந்து எதிர்ச் சாக்கடை மூடி வரை தெருவின் அகலம் 20 அடி. இரண்டு பக்கமும் கார் நின்றால், பக்கத்துக்கு 6 அடி என்று 12 அடி போய்விடும். மீதி 8. வாசலில் குடில் வைத்திருக்கும் வீடுகளுக்கு முன்னால் காரை ஓரமாக ஒட்டி நிறுத்த முடியாது, ஓரடி ஒன்றரை அடி தள்ளித்தான் நிறுத்துவார்கள். அங்கே மீதி ஆறரை. ஆம்புலன்ஸ் வேனின் உடம்பு மட்டுமே ஏறக்குறைய ஆறரை அடி, கண்ணாடிகள் தனி. அந்த ஆறரை அடியிலும் சும்மா இடம் இல்லை, முன்னால் பத்து கார் ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் எடுக்கவும் வழியில்லை, ஏனென்றால் அங்கேயும் பத்து கார்.

எப்படியோ வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரெச்சர் பின்கதவு வழியாகத்தான் இறங்கும். அதுவே ஆறடி நீளம், அதைப் பிடித்து இழுப்பவர் நிற்க இரண்டடி. ஆக, வேனுக்குப் பின்னால் குறைந்தது எட்டடி காலியாக இருந்தாக வேண்டும். வேனின் பம்பரை ஒட்டிக்கொண்டு ஒரு கார் நின்றால் கதவே முழுதாகத் திறக்காது. சைரன் கேட்டு ஒதுங்க மனசு இருந்தாலும் ஒதுங்க இடமில்லை. வந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தீயணைப்பு வண்டியைப் பற்றி எழுதவே வேண்டாம், அதன் அகலம் எட்டடி.

நடக்கவிட்டால் கூட்டம் இன்னும் சேரும் என்று பயப்படுகிறீர்கள். தெருவின் நீளம் 300 மீட்டர். ஊர்ந்து போகும் காருக்கு இடைவெளியோடு 6 மீட்டர் வைத்தால் ஒரே நேரத்தில் 50 கார், காருக்கு நான்கு பேர், 200 பேர். அதே தெருவில் ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் விட்டுத் தாராளமாக நடந்தால் 1500 பேருக்கு மேல் கொள்ளும். அவர்களுக்கும் இதுதான் நல்லது. காருக்குள் உட்கார்ந்தால் மாடி நட்சத்திரத்தைக் கூரை மறைத்துவிடும். குடிலைக் குனிந்து பார்க்க வேண்டும். புல்லுக்காகப் பத்து நாள் முன்பே கேழ்வரகு விதைத்து முளைக்க வைத்திருப்பதைக் கார் கண்ணாடி வழியாக யார் பார்ப்பது? பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட்டில் பாதி சீரியல் செட் வெளிறிப்போகும்.

மின்சாரத்தில் எங்கள் பக்கம் இருந்த தவறையும் சொல்லிவிடுகிறோம். எதிர்வீட்டுக்கு இணைப்பு கொடுக்கத் தெருவின் குறுக்கே தரையில் வயரைப் போட்டு மேலே டேப் ஒட்டும் பழக்கம் இருந்தது. நூறு டயர் ஏறியதும் உறை நசுங்கும், மார்கழிப் பனி உள்ளே இறங்கும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்து வீடே இருண்டுவிடும். விழுந்தால் கூடப் பரவாயில்லை. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடும் கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கேதான் உயிர் போகும். தெருவைக் கடக்கும் கம்பி 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மின் விதி. அத்தனை உயரம் எங்கள் வீட்டுக் கம்பங்களால் முடியாது. அதனால் இந்த வருடம் மேலேயோ கீழேயோ ஒரு வயரும் தெருவைத் தாண்டாது. அவரவர் வீட்டு விளக்கு அவரவர் மீட்டரில். இரும்பு கேட்டில் வயரைச் சுற்றுவதும் கிடையாது.

வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று கேட்பீர்கள். நானூறு மீட்டர் தள்ளிப் பள்ளி மைதானம் இருக்கிறது, ஒரு ஏக்கர். ஓடுபாதை விட்டுக் காருக்கு 25 சதுர மீட்டர் என்றால் 150 கார் நிற்கும். ஒரு கேட்டில் உள்ளே, மறு கேட்டில் வெளியே. அரையாண்டுத் தேர்வு நடக்கும் நாளிலும் மாலையில் அது காலிதான். நடக்க முடியாத பெரியவர்களைத் தெருமுனை வரை ஆட்டோவில் இறக்கலாம். கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறும்படி ஒரே திசையில் நடக்க விட்டால் முட்டல் மோதல் இருக்காது. எங்கள் வீட்டு வண்டிகள் ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிடும், தாமதமானால் அவையும் மைதானத்தில்தான்.

இதெல்லாம் நடக்காத காரியமா? கோனியம்மன் தேருக்குக் கோவையில் கடைவீதியையே திருப்பிவிடுகிறார்கள். ஈரோட்டில் பெரிய மாரியம்மன் கோவில் திருவிழாவில் கம்பம் பிடுங்கும் அன்று வண்டிகளுக்கு வேறு வழி காட்டுகிறார்கள். அங்கெல்லாம் யாரும் "விளக்கைக் குறையுங்கள்" என்று சொன்னதாகத் தெரியவில்லை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியபோது இதே தெருவை நான்கு மாதம் மூடி வைத்தீர்கள், அப்போது மட்டும் வண்டி போக வேறு வழி தாராளமாகக் கிடைத்தது. தோண்டிய இடத்தில் இன்னும் மண் அமுங்கிக்கொண்டிருப்பது வேறு கதை, அதற்குத் தனி மனு இருக்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சின்ன விஷயம். முனைக்கு நான்கு என்று எட்டுத் தடுப்புகள், முனைக்கு ஒரு காவலர், பதினோரு நாளைக்கு மூன்று மணி நேரத் தடை உத்தரவு. ஆம்புலன்ஸ் வந்தால் உடனே நகர்த்தும்படி தடுப்புகளைச் சங்கிலி போட்டுப் பூட்டாமல் கயிற்றால் கட்டுவோம். ஒவ்வொரு முனையிலும் எங்கள் ஆட்கள் ஆறு பேர் மாறி மாறி நிற்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. பத்து மணிக்குத் தெருப்பக்கம் விளக்குகள் அணைந்துவிடும்.

உத்தரவு டிசம்பர் 10ஆம் தேதிக்குள் கைக்கு வந்தால் பள்ளித் தாளாளரிடம் மைதானச் சாவியைக் கேட்டு வாங்கவும், இரண்டு முனையிலும் பலகை எழுதி வைக்கவும் நேரம் இருக்கும். தயவு செய்து ஒருக்கா தெருவுக்கு வந்து அளவு நாடாவை நீங்களே பிடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தெருவாசிகள்