செவ்வாய்க்கிழமை மட்டுமாவது திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய வட்டார மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்கள் கழிப்பறையில் தொங்கும் பூட்டைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முறை மனு கொடுத்தாகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஏழு மாத கர்ப்பிணியான என் மகளை செக்கப்புக்குக் கூட்டி வந்தேன். ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். அப்புறம் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, "யூரின் பிடிச்சுட்டு வாம்மா" என்றார் நர்ஸ். எங்கே போய்ப் பிடிப்பது? சாவி மருந்து கொடுக்கும் இடத்தில் இருக்கும் என்றார்கள். அங்கே கேட்டால், சாவி வைத்திருப்பவர் கேம்ப்புக்குப் போய்விட்டாராம். கடைசியில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நான் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொள்ள, வயிற்றைத் தாங்கியபடி அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. எங்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் டப்பாவோடு நின்றார்கள். எழுந்தவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த முறை காலையிலிருந்து தண்ணீரே குடிக்கப் போவதில்லை என்கிறாள். இங்கு வரும் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அடக்கி வைக்காதீர்கள், கிருமித்தொற்று முற்றினால் குறைமாதப் பிரசவம் வரை போகும் என்று சொல்லித் தருவதும் உங்கள் நர்ஸம்மாக்கள்தான்.

சுத்தத்துக்குக் கிடைத்த காயகல்ப் விருது வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நியாயம்தான், பூட்டியே கிடக்கும் கழிப்பறை எப்படி அழுக்காகும்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் உதவி, பெட்டியில் பேரீச்சம்பழம், ஆவின் நெய் என்று அரசு தருகிறது. குறை சொல்லவில்லை. ஒரு சாவியை ஆணியில் மாட்ட எந்தத் திட்டத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்றுதான் புரியவில்லை. டாக்டர் அறையை ஒட்டிய கழிப்பறைக்கு இந்தச் சாவிப் பஞ்சம் வந்ததே இல்லை.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஒரே ஒரு தூய்மைப் பணியாளர் அத்தனை வேலையும் பார்க்கிறார், திறந்துவிட்டால் அதுவும் அந்த அம்மா தலையில்தான் விழும் என்பது தெரியும். இன்னொருவரைக் கேட்டு மேலே எழுதுங்கள், நாங்களும் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். அதுவரை, கர்ப்பிணிகள் வரும் செவ்வாய்க்கிழமை மட்டுமாவது காலை எட்டு மணிக்கே கழிப்பறையைத் திறந்து வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போன வருடம் திறந்திருந்தபோது உள்ளே தாழ்ப்பாள் இல்லை. அதையும் சேர்த்துப் பார்க்கவும்.

இப்படிக்கு,
ஒரு கர்ப்பிணியின் தாய்